முதுகைப் பார்த்து வாசித்தவள்

இசைக் கல்லூரியில் அவளுக்குப் பெயர் பியானோ அக்கா. யார் வைத்த பெயர் என்று தெரியாது. அவளைவிடப் பத்து வயது மூத்த வாசல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "பியானோக்கா, இன்னைக்கு முப்பத்தாறு பேரு. நடுவுல டீ குடிக்கக்கூட விடமாட்டாங்க போல," என்று பட்டியலை நீட்டுவார். அவள் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். பல நாட்களில் அவள் பேச்சு அந்தத் தலையாட்டலோடு முடிந்துவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம், மூன்றாம் மாடிக் கூடத்தில் பாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகைத் தேர்வு நடக்கும். நடத்துவது ஓர் இசை அறக்கட்டளை. தேறியவர்களின் படிப்புச் செலவு முழுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மற்ற மாதங்களில் கல்லூரிப் பரீட்சை, பாடகர் குழுக்களுக்கு ஆள் எடுப்பது, ஒத்திகை என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் பாடுகிறவர் முன்னால் நிற்பார். இவள் பின்னால் உட்கார்ந்து பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பாள்.

ஆளுக்குப் பதினோரு நிமிடம். உள்ளே வருகிறவர் நேராக இவளிடம் வந்து இசைத்தாளை நீட்டுவார். சில தாள்கள் புத்தம் புதிதாக இருக்கும். சிலவற்றில் பசைநாடா ஒட்டி ஒட்டி அட்டை மாதிரி விறைத்துப்போயிருக்கும். "இந்த வேகம்," என்று இரண்டு வரி முனகிக் காட்டுவார். பிறகு திரும்பித் தேர்வுக் குழுவைப் பார்த்து நிற்பார். அதற்கப்புறம் அவளுக்குத் தெரிவது அவருடைய முதுகு மட்டும்தான்.

அந்த முதுகுகளை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். பயந்தவர்களுக்கு வியர்வை முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு சிறு வட்டமாகத் தெரியும். இரவல் சட்டை என்றால் தோள் தையல் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். கழுத்துப் பட்டையில் விலைச்சீட்டோடு வந்து பாடிவிட்டுப் போனவர்களும் உண்டு. பாடுகிறவர் மூச்சு எடுப்பதற்கு ஒரு நொடி முன்னால் தோள் சொல்லிவிடும். அவள் தாளைப் பார்ப்பது பாதி, தோளைப் பார்ப்பது பாதி. அவர்கள் அவசரப்பட்டால் இவளும் ஓடுவாள். அவர்கள் தடுமாறினால் கைப்பிடிச் சுவர் மாதிரி பக்கத்திலேயே வருவாள். பாடி முடித்ததும் பெரும்பாலோர் தேர்வுக் குழுவைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கதவைப் பார்த்துப் போய்விடுவார்கள். இசைத்தாளை மறந்துவிட்டவர்கள் மட்டும் திரும்பி வருவார்கள்.

அவளும் ஒரு காலத்தில் அதே அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தவள்தான். பத்தொன்பது வயதில், தனியாகப் பியானோ வாசிக்கிற பிரிவில். தேறவில்லை. பட்டியலில் தன் எண் இல்லை என்பதை மூன்று முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு படியிறங்கியபோது, அலுவலகத்து அம்மா ஒருத்தி பின்னாலேயே ஓடிவந்தாள். "ஏம்மா, நாளைக்கு உனக்கு வேலை இருக்கா? பாட்டுக்காரங்களுக்கு வாசிக்கிறவருக்குக் காய்ச்சல். ஒரே ஒரு நாள்தான்."

அந்த ஒரே ஒரு நாள் முப்பத்தொரு வருடம் நீடித்தது.

துணிவெளுப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கீழே இயந்திரங்கள் ஓடும்போது தரை இளஞ்சூடாக இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் எந்நேரமும் ஆவி படிந்திருக்கும். அம்மா இருந்தவரை ஓர் அறை அம்மாவுக்கு, ஓர் அறை பியானோவுக்கு. அம்மா போன பிறகும் அந்த அறைக்கு அவள் மாறவில்லை. பியானோ பக்கத்தில் போட்ட ஒடுங்கிய கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். தம்பி வேறு ஊரில், மனைவி மக்களோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "சாப்பிட்டியாக்கா?" என்பான். "ஆச்சு," என்பாள். "வேற?" என்பான். வேறு ஒன்றும் இருக்காது. கல்யாணப் பேச்சு ஓரிரு முறை வந்தது, போனது. யாரும் வேண்டாம் என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. எல்லாம் அப்படியே பேச்சில் நின்றுவிட்டது.

ஐம்பதாவது வயதில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின.

வலி இல்லை, வீக்கம் இல்லை. காய் நறுக்கினால் ஒழுங்காக இருக்கும், பொத்தான் போட்டால் ஒழுங்காக இருக்கும். பியானோவில் கை வைத்ததும் அந்த இரண்டும் சுருண்டு உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். கை மருத்துவர் அவளை மேஜை விளிம்பில் வாசிப்பதுபோல் விரல்களை ஓடவிடச் சொல்லிப் பார்த்தார்.

"கையில ஒரு கோளாறும் இல்லம்மா. உங்க மூளை அந்த ரெண்டு விரலையும் ஒரே விரல்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. வருஷக்கணக்கா ஒரே வேலையைச் செய்யறவங்களுக்கு வர்றதுதான்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"பயிற்சி இருக்கு. நாளாகும். அதுவரைக்கும் வாசிக்கிறதை நிறுத்தணும்."

நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவளிடம் அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அவள் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாப் பாட்டுக்கும் புதிதாக விரல் கணக்குப் போட்டாள். மூன்று விரலால் எட்டாத சுரங்களை விட்டுவிட்டாள். உச்சியில் நான்கு சுரம் இருந்த இடத்தில் இரண்டு. ஓட்டமாக வரவேண்டிய இடத்தில் இடது கையைக் கொஞ்சம் அழுத்திப் பூசி மெழுகினாள். இப்படியே எட்டு மாதம் ஓட்டினாள்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேர்வுக் குழுவில் பெரிய பெரிய காதுக்காரர்கள் இருந்தார்கள். பாடுகிறவர் அரை மயிரிழை சுருதி இறங்கினால் பேனாவை எடுப்பவர்கள். பின்னால் பாதிச் சுரங்கள் காணாமல் போனது ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் மாதம் அது பெரிய நிம்மதியாக இருந்தது. மூன்றாம் மாதம் ஒருநாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த நிம்மதி எங்கோ கழன்று விழுந்துவிட்டது. இத்தனை வருடம் அந்தச் சுரங்களை யாருக்கு வாசித்தோம் என்று நினைத்தாள். பஸ் வந்து நின்று கிளம்பிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அடுத்த உதவித்தொகைத் தேர்வில் இருபத்திரண்டாம் எண்ணாக உயரமான ஒருவன் வந்தான். அவனுடைய பாட்டுக்கு முன்னால் பியானோ தனியாக நான்கு வரி வாசிக்கவேண்டும். அந்த நான்கு வரியில்தான் அவன் தன் சுருதியைப் பிடித்துக்கொள்வான். அவள் மூன்றாவது வரிக்கு வந்தபோது சுருண்டிருந்த விரல் பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தது. திருத்தப்போய் இன்னொன்றும் விழுந்தது. அவன் தவறான சுருதியில் எடுத்து, இரண்டு சொல் பாடி, நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க," என்றான் குழுவைப் பார்த்து. "என் தப்புதான். பதற்றம்." முதுகில் அந்த வியர்வை வட்டம் கிடுகிடுவென்று பரவியது. குழுவில் ஒருவர் பேனாவை எடுத்தார்.

"தப்பு என்னோடது," என்று ஒரு குரல் கேட்டது.

கூடமே திரும்பிப் பார்த்தது. வாசல்காரர்கூடக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். அது தன் குரல்தான் என்பது புரிய அவளுக்கே ஒரு கணம் பிடித்தது. அந்தக் கூடத்தில் அவள் வாய்திறந்து பேசியது அதுதான் முதல்தடவை.

"நான்தாங்க தப்பா வாசிச்சேன். அவர் சரியாத்தான் எடுத்தாரு. மறுபடி முதல்ல இருந்து விடுங்க."

விட்டார்கள். இரண்டாம் முறை அவள் அந்த நான்கு வரியை ஒற்றை விரலால், வெறும் ராகமாக மட்டும் வாசித்தாள். அவன் நன்றாகப் பாடினான். அன்று மீதியிருந்த பதினான்கு பேருக்கும் எப்படியோ வாசித்து முடித்துவிட்டு, மாலையில் அலுவலகத்துக்குப் போய் இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னாள்.

அலுவலகத்தில் இப்போது இருந்தவள் நல்ல மாதிரி. கையைப் பிடித்துப் பார்த்து, "ஐயோ, இவ்வளவு நாளா சொல்லவே இல்லையேக்கா," என்று அங்கலாய்த்தாள். பிறகு அலமாரியைக் குடைந்து ஒரு மடிப்புத்தாளை எடுத்தாள். "இதைப் பாருங்க. இசைத்துறையில வேலை செய்யறவங்களுக்கு உடம்பு முடியாம போனா நம்ம அறக்கட்டளையே உதவி பண்ணுது. சிகிச்சையும் பார்ப்பாங்க, வேலையில்லாத மாசத்துக்குப் பணமும் குடுப்பாங்க. உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு?"

விண்ணப்பத்தில் ஆறு பக்கம். முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டது. தொழில் என்ற இடத்தில் கட்டங்கள் இருந்தன: பாடகர், தனிக் கலைஞர், இசையமைப்பாளர், இசைக்குழு உறுப்பினர், ஆசிரியர். அவள் பேனாவை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டே போனாள். எதுவும் அவள் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்ற கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் இருந்த கோட்டில் 'பக்கவாத்தியம்' என்று எழுதினாள். அடுத்து, பெயர் அச்சான நிகழ்ச்சித்தாள்கள் பத்து இணைக்கவும் என்றிருந்தது. மேஜை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். ஒன்றே ஒன்று கிடைத்தது. அதிலும் பாடகர் பெயருக்குக் கீழே 'பியானோவுடன்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. யாருடைய பியானோ என்று இல்லை.

மூன்றாவதாக, இவர் தொழில்முறை இசைக்கலைஞர்தான் என்று சொல்லக்கூடிய இரண்டு பேரின் கடிதம் வேண்டும்.

இவளோ ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாசித்தவள். தேர்வில் தேறிப் பின்னால் ஊரெல்லாம் தெரிந்துபோன பாடகர் ஒருவருக்குப் போன் செய்தாள். எடுத்தது உதவியாளர். மறுநாள் அந்த உதவியாளரே திரும்பக் கூப்பிட்டார். "சாருக்கு ஞாபகம் வரலைங்க. ஆனா உங்களுக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாரு."

"எதுக்குங்க வாழ்த்து?"

"அது... தெரியலைங்க. பொதுவா சொல்லச் சொன்னாரு."

பன்னிரண்டு வருடம் வாரம் தவறாமல் அவள் வாசித்துக்கொடுத்த பாட்டு வாத்தியாரம்மா உடனே கடிதம் தந்தாள். அன்பாகத்தான் எழுதியிருந்தாள். 'இவர் நேரத்துக்கு வருவார். அநாவசியமாகப் பேசமாட்டார். இவரால் ஒருபோதும் தொந்தரவு இருந்ததில்லை.' அவள் அதை இரண்டு முறை படித்தாள். வாடகைக்கு வீடு கேட்கிறவருக்குக் கொடுக்கிற நற்சான்று மாதிரி இருந்தது. தனியாக உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அறை முன்பைவிட அமைதியாக இருந்தது.

இரண்டாவது ஆள் கிடைத்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். விண்ணப்பத்தின் பொடி எழுத்து தெரியாமல் கண்ணாடி மாற்றப் போயிருந்தாள். கண் சோதிக்கிற பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். இருட்டறையில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, "இது தெளிவா? அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், விளக்கைப் போட்டதும் குனிந்து இவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க... பியானோ அக்காதானே?"

இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க யாருன்னு..."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி உதவித்தொகைத் தேர்வுக்கு வந்தேன். கிடைக்கல. ரெண்டாவது சரணம் சுத்தமா மறந்துபோச்சு. அப்படியே செத்துடலாம்னு நின்னேன். பின்னால நீங்க நிறுத்தவே இல்ல. அதே ரெண்டு வரியைச் சுத்திச் சுத்தி வாசிச்சிக்கிட்டே இருந்தீங்க, என்னமோ பாட்டே அப்படித்தான்ங்கிற மாதிரி. நாலாவது சுத்துல எனக்கு வார்த்தை வந்துடுச்சு."

"அப்புறமும் கிடைக்கலையா?"

"கிடைக்கலைக்கா. ஆனா பாதியில ஓடிவராம முடிச்சிட்டு வந்தேன் இல்ல? அதுவே பெரிசு. அதோட பாட்டை விட்டுட்டு இந்தப் படிப்புக்கு வந்துட்டேன்."

அக்காவுக்கு அந்த நாள் நினைவில்லை. இப்படிச் சுற்றிச் சுற்றி வாசித்தது ஒருவருக்கா இருவருக்கா, எத்தனையோ பேருக்கு. ஆனால் நினைவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண்மணி கடையின் பெயர் அச்சிட்ட தாளிலேயே, நின்றவாக்கில், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். கடிதம் தருபவர் இசைத்துறையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்று விண்ணப்பத்தில் இருந்ததை சோதனை வில்லையைப் பிடித்து இருவருமாகப் படித்தார்கள். "போட்டு வைங்கக்கா. என்ன ஆயிடப்போகுது," என்றாள் அவள்.

ஆறு வாரம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். நடுவில் வெள்ளைத்தலை அம்மா ஒருத்தி, தலைவி. வலப்பக்கம் கோப்பு பார்க்கிற வழக்கறிஞர். இடப்பக்கம் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர். அவர் இதே உதவித்தொகையில் படித்து இப்போது வெளியூர்களில் பாடிக்கொண்டிருப்பவர் என்று தலைவி அறிமுகம் செய்தாள். அக்காவுக்கு அந்த முகம் தெரியவில்லை. முகங்கள் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"தனியா எங்கயாவது வாசிச்சிருக்கீங்களா?" என்று தலைவி கேட்டாள்.

"இல்லீங்க."

"பதிவு ஏதாவது?"

"இல்லீங்க."

வழக்கறிஞர் கண்ணாடிக் கடைத் தாளைத் தூக்கிப் பிடித்து, "இவங்க இசைத்துறை இல்லையே," என்றார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

வெயில் மேஜைமேல் விழுந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிடப் போனார். அவர் திரும்பிய அந்தக் கணத்தில் அக்கா அவர் முதுகைப் பார்த்தாள். இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை கீழே. கழுத்துக்குக் கீழே லேசான கூன். கையை உயர்த்தியபோது இடது தோள் முதலில் ஏறியது. சாம்பல் நிறச் சட்டை, தேநீர்க் கறை படிந்த இசைத்தாள், பதினாலாம் எண். இருபது வருடத்துக்கும் மேலாயிற்று.

அவர் வந்து உட்கார்ந்து இயல்பாகக் கேட்டார். "எங்களுக்குப் புரியறதுக்காகக் கேக்கறேன். தேர்வுல நீங்க சரியா என்ன செய்வீங்க? தாள்ல இருக்கறதை வாசிப்பீங்க, அவ்வளவுதானே?"

சொல்லியிருக்கவேண்டாம் என்று பின்னால் பலதடவை நினைத்திருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் வேறு பதில் இல்லை.

"உங்களுக்கு இடது தோள்தாங்க முதல்ல ஏறும். மூச்சு அதுக்கப்புறம்தான் வரும். அதனால நீங்க எப்பவும் ஒரு இமைப்பொழுது தாமதமா எடுப்பீங்க. தாள்ல இருக்கற மாதிரியே வாசிச்சா நீங்க பின்தங்கின மாதிரி இருக்கும். அன்னைக்கு நீங்க பாடினப்போ ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி நான் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசிச்சேன். நீங்க பதினாலாம் நம்பர். அதைத்தாங்க நான் செய்வேன்."

அவர் முகம் காதுவரை சிவந்துவிட்டது. தன்னையறியாமல் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என் பாட்டு வாத்தியார் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாரு," என்றார் மெதுவாக. "அன்னைக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சுன்னு அவருக்கும் புரியல, எனக்கும் புரியல."

வழக்கறிஞர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சிக்கல் இருக்கு. விண்ணப்பதாரரோட முன்தொடர்பு இருக்கறவங்க முடிவுல கலந்துக்கக் கூடாது. விதி."

"தொடர்பா? பதினோரு நிமிஷம்ங்க," என்றார் அவர்.

"இருந்தாலும் விதி விதிதானே."

அவர் எழுந்து வெளியே போகவேண்டியதாயிற்று. அந்த அறையில் அவளுக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவள் வாயாலேயே வெளியேறினார். நேர்காணல் முடிந்து அவள் வெளியே வந்தபோது நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் சட்டென்று எழுந்தார்.

"அன்னைக்கு உங்களுக்கு நன்றி சொன்னேனா?"

"இல்லீங்க. யாரும் சொல்லமாட்டாங்க. பாடி முடிச்சதும் கதவுதான் கண்ணுக்குத் தெரியும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து அடுத்த விண்ணப்பத்துக்காக அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முடிவு தபாலில் வந்தது. சிகிச்சைக்கு உதவி உண்டு, கைப் பயிற்சியாளரிடம் ஒரு வருடம். வேலையில்லாத மாதங்களுக்கான பணம் இல்லை. தொழிலை நிறுவும் ஆவணங்கள் போதவில்லை என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தார்கள். தம்பியிடம் போனில் சொன்னாள். "இங்க வந்துடேன்க்கா, எதுக்கு அங்க தனியா கஷ்டப்படறே," என்றான். பின்னால் அவன் மனைவி பிள்ளைகளிடம் ஏதோ அதட்டிக்கொண்டிருந்தாள். அழைப்பு உண்மையானதுதான். ஆனால் எந்த அறையில் என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. "பார்க்கலாம்டா," என்றாள். அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம் என்பது இருவருக்கும் தெரியும்.

கண்ணாடிக் கடையில் மத்தியான நேரத்துக்குக் கல்லாப்பக்கம் ஓர் ஆள் தேவைப்பட்டது. கண் சோதிக்கிற பெண்மணி சொல்லிச் சேர்த்துவிட்டாள். அக்கா கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கினாள், கூடுகளுக்குள் துணி வைத்தாள், "ஒரு வாரத்துல ரெடியாயிடும்" என்று சொல்லிப் பழகினாள். ஒரு நாளில் அவள் பேசிய சொற்கள் இதற்கு முன் ஒரு மாதத்தில் பேசியதைவிட அதிகம். ஆனால் சாயந்தரம் வேலை நேரம் முடிந்ததும் அந்தப் பெண்மணி பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக ஓடுவாள். "நாளைக்குப் பார்ப்போம்க்கா!" குரல் தெருமுனையிலிருந்து வரும். அக்கா நடந்தே வீட்டுக்குப் போவாள்.

கைப் பயிற்சி சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். பயிற்சியாளர் ஒரு விரலில் உப்புத்தாளையும் இன்னொன்றில் பஞ்சையும் வைப்பார். எது எந்த விரலில் என்று சொல்லவேண்டும். முதல் இரண்டு மாதம் அவளால் சொல்லவே முடியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. "அவசரமில்லைங்க," என்பார் அவர். ஐந்தாம் மாதம் ஒரு காலை, மோதிர விரலில் சொரசொரப்பு, சுண்டுவிரலில் மெத்து என்று தனித்தனியாகத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பயிற்சியாளர் அதைக் கண்டும் காணாததுபோல் உப்புத்தாளை மடித்து வைத்தார்.

விரல்கள் முழுசாகத் திரும்பவில்லை. மெதுவான பாட்டுகளுக்கு ஒத்துழைக்கும். வேகம் கூடினால் சுண்டுவிரல் மறுபடி கூட்டுக்குள் போய்விடும். தேர்வுக் கூடத்துக்கு அவள் திரும்பவில்லை. அங்கே இப்போது வேறு ஒருவர் வாசிக்கிறார், நன்றாகவே வாசிக்கிறார் என்று வாசல்காரர் கடைவீதியில் பார்த்தபோது சொன்னார். அவர்தான் இன்னொன்றையும் சொன்னார். அறக்கட்டளையின் புது விண்ணப்பத்தில் தொழில் கட்டங்களில் ஒன்று கூடியிருக்கிறதாம். "பக்கவாத்தியம்னு தனியாப் போட்டிருக்காங்க. கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் வருவாரே, அவர் ரெண்டு கூட்டத்துல கத்தினாராம்." அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். சிகிச்சை முடிந்து, வேலையும் கிடைத்துவிட்டவர்களுக்கு அது பொருந்தாது என்று மடிப்புத்தாளில் போட்டிருந்தது.

அதற்குள் வாசிக்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது, நடனப் பள்ளியில். அதையும் அலுவலகத்துக்காரிதான் விசாரித்துச் சொன்னாள். வாரத்தில் மூன்று காலை, ஆறேழு வயதுப் பிள்ளைகளின் ஆரம்ப வகுப்பு. எல்லாம் மெதுவான தாளம், ஒரே பாட்டு இருபது தடவை. நடன டீச்சர் அவளிடம் முதல் நாளே, "கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசிங்கக்கா, இதுங்க காலைத் தூக்கவே நேரமாகும்," என்றாள். அவளுக்குச் சொல்லித்தரவேண்டாத விஷயம் அது.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடியும். அம்மாக்களும் அப்பாக்களும் வந்து, காலணி மாட்டிவிட்டு, சண்டையும் சமாதானமுமாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போவார்கள். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கண்ணாடிக் கடைக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரமும் அறை காலி. அக்கா தனக்காக ஏதாவது வாசிப்பாள். பக்கவாத்தியமாக வாசித்துப் பழகிய பாட்டுகள்தான், யாரும் பாடாமல். தரை துடைக்கிறவர் வாளியோடு வருவார். அவள் வாசிப்பதை நிறுத்தாமல் கால்களை மட்டும் தூக்கிக்கொள்வாள். அவர் பியானோவுக்கு அடியில் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார். ஈரம் காய்கிறவரை அவள் அங்கேயே இருப்பாள்.